மின்படகும் மணற்கரையும்

பொம்மையார்பாளையத்துக் கடற்கரையில் வைகறை வேளையில் நிற்பவருக்கு, திரும்பி வரும் படகு கண்ணுக்குப் புலப்படுமுன் அதன் டீசல் இன்ஜினின் படபடப்பே காதில் விழும். இந்த ஓசையும் புகையுமின்றி மின்சாரத்தினாலேயே படகு ஓடாதோ என்று கேட்போமாயின், டீசல் இன்ஜின் பிறப்பதற்கு வெகுகாலம் முன்னரே அது ஓடிவிட்டது என்பதே சரித்திரம் தரும் விடை. ருஷ்யாவின் நேவா நதியில் யாகோபி என்ற விஞ்ஞானி 1838-இலேயே மின்கலங்களின் பலத்தால் படகு ஓட்டினார். பாரிஸ் நகரத்து சேன் நதியில் 1881-இல் குஸ்தாவ் துரூவே ஓட்டினார்.

நம் தேசத்தில் இதன் சிறந்த திருஷ்டாந்தத்தைக் காண, பெரியாரின் பெயரோடு தமிழர் நெஞ்சில் நிலைத்துவிட்ட வைக்கத்துக்கே போகவேண்டும். அங்கிருந்து வேம்பநாட்டுக் காயலைக் கடந்து தவணக்கடவுக்குச் செல்லும் ‘ஆதித்யா’ என்ற சூரியசக்திப் படகு, 2017 ஜனவரியில் கேரள அரசின் நீர்ப்போக்குவரத்துத் துறையில் சேர்ந்தது. 75 பேரை ஏற்றும் அதன் கூரையில் 20 கிலோவாட் சூரியத் தகடுகளும், உள்ளே ஏறத்தாழ 50 யூனிட் கொள்ளும் லித்தியம் பேட்டரிகளும் உள்ளன. போகும் தூரமும் திரும்பும் நேரமும் முன்கூட்டியே தெரிந்த பிரயாணம், அவசரமுமில்லை. ஜலத்தைக் கிழித்துச் செல்லும் படகின் வேகத்தை இரட்டிப்பாக்க ஏறத்தாழ எட்டு மடங்கு சக்தி தேவையாதலின், நிதானமே மின்படகின் ஜீவநாடி. கொச்சியில் 2023-இல் தொடங்கிய நீர் மெட்ரோவின் படகுகளோ, பேட்டரியோடு டீசல் ஜெனரேட்டரையும் ஆபத்துக்குத் துணையாக ஏந்திச் செல்லும் கலப்பினப் படகுகள்.

உண்மையில் சிரமம் படகில் இருப்பதைவிடக் கரையில்தான் அதிகம். நார்வேயில் 2015 முதல் கார்களை ஏற்றிச் செல்லும் ‘ஆம்பியர்’ என்ற மின்கப்பல், துறையில் நிற்கும் சுமார் பத்தே நிமிஷத்தில் மின்சாரத்தை நிரப்பிக்கொள்ள வேண்டும். அக்கரை இக்கரைக் கிராமங்களின் மின்கம்பிகளோ அவ்வளவு பெருஞ்சக்தியை ஒரே மூச்சில் தர இயலாதவை. ஆகவே, சன்னமாய் வரும் குழாய்த் தண்ணீரை அண்டாவில் பிடித்துவைத்து, விருந்தினர் வந்ததும் மொண்டு வார்க்கும் குடும்பஸ்திரீயைப் போல, இரு கரைகளிலும் பெரிய பேட்டரிகளை வைத்து, கப்பல் வந்ததும் அவற்றிலிருந்து வார்க்கிறார்கள். இந்த யுக்தி எனக்கு எந்த மோட்டாரையும்விட அழகாகத் தோன்றுகிறது.

பொம்மையார்பாளையத்து ஃபைபர் படகுக்கோ துறைமேடையே கிடையாது. அலையைத் தாண்டி வந்து மணலில் ஏறி நிற்பது அது. மீன் போன இடமெல்லாம் போகவேண்டியிருப்பதால் தூரத்துக்கும் கணக்கில்லை. மரக்காணத்து உப்பளங்களைக் காயவைக்கும் வெயில் இங்கே தாராளமாய் உண்டு; ஆனால் வலைக்கும் ஆளுக்கும் இடம்விட்டபின் எஞ்சும் நான்கு சதுர மீட்டரில் தகடு பதித்தால், உச்சிவெயிலிலும் ஏறக்குறைய ஒரு குதிரைசக்திதான் தேறும். வலையிட்டு மெல்ல நகரும் வேளைக்கு மின்மோட்டாரும், போக வர டீசலுமாக அமையும் கலப்பினமே இப்போதைக்கு உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

முழுவதும் மின்சாரமே என்றால், பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குச் சுமந்துபோய்த்தான் சார்ஜ் ஏற்றவேண்டும். ஒரு லிட்டர் டீசல் செய்யும் வேலையைச் செய்ய சுமார் 20 கிலோ பேட்டரி வேண்டும். பத்து லிட்டர் கேனை ஒருவர் ஒரே நடையில் தோளில் வைத்துக்கொண்டு மணலில் இறங்கிவிடுகிறார். அதற்கு ஈடான பேட்டரியைக் கொண்டுவர அவர் பத்து நடை நடக்கவேண்டும்.