அப்பாவின் ரெக்கோர்ட்

எங்கள் வீட்டுக் கார் 1974ஆம் ஆண்டு ஒப்பல் ரெக்கோர்ட். அதில் ‘மொன்தாஜ் சுவிஸ்’ என்று பொறித்த சிறு சின்னம் ஒன்று இருக்கிறது. ஒப்பல் ஜெர்மன் கார் ஆயிற்றே, இதென்ன சுவிஸ் பெயர் என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். நாங்கள் இருக்கும் ஃப்ரிபூர்க்கிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய பீல் நகரத்தில் அந்தக் கதை தொடங்குகிறது. 1930களின் பொருளாதார மந்தத்தில் அங்கே கடிகாரத் தொழிலாளர்கள் பெருந்தொகையாக வேலை இழந்தார்கள். கீடோ முல்லர் நகரத் தலைவராக இருந்த காலம். கட்டடத்தை நாங்களே கட்டித் தருகிறோம், வாருங்கள் என்று ஒப்பலின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டோர்ஸை நகரம் அழைத்தது. 1936இல் வேலை தொடங்கியது. பாகங்களாக வந்திறங்கிய கார்களை அங்கே பொருத்தி முடித்தார்கள். 1975இல் மூடும்வரைக்கும் 3,29,000க்கு மேற்பட்ட கார்கள் அந்த வாசலால் வெளியே வந்தன. எங்களுடையது கடைசிக் காலத்துப் பிள்ளை.

அப்பா இதை 1989இல் வாங்கினார். சென்ஸ் மாவட்டத்து விவசாயக் குடும்பம் ஒன்று பதினைந்து வருடம் ஓடிவிட்டு விற்ற வண்டி. அப்போது அவர் ஃப்ரிபூர்க்கில் ஓர் உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். ஷோன்பெர்க் பகுதியில் ஒரு சிறிய வீடு. 1991இல் அம்மாவும் நானும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கியபோது எங்களை ஏற்ற வந்ததும் இந்தக் கார்தான். அதன்பிறகு அது எங்கள் ஒரு வீட்டுக்கு மட்டும் ஓடவில்லை. ஊர்ச் சனத்தின் கலியாணம், பிள்ளைப்பேறு, செத்தவீடு எல்லாவற்றுக்கும் போனது. அட்லிஸ்வில் முருகன் கோயில் 1994இல் வந்த பிறகு, திருவிழாவுக்குப் போகையில் பின் இருக்கையில் நான்கு பேர், அவர்கள் மடியில் பிள்ளைகள்.

நான் இங்கேயே கார்களின் உடற்பகுதி வேலை படித்தேன். ஊரில் டிங்கர் வேலை என்பார்களே, அதுதான். எத்தனையோ பேரின் பழைய கார்களைத் திருத்திக் கொடுத்துவிட்டு, அப்பாவின் காரை மட்டும் வாடகைக் கொட்டிலில் துணிபோட்டு மூடி வைத்திருந்தோம். இப்போது என் மகனுக்கு ஓட்டுநர் அனுமதி கிடைத்துவிட்டது. ‘அப்பப்பாவின் காரை எனக்குத் தாங்கோ’ என்று கேட்டான். அவனோடு சேர்ந்துதான் பிரிக்கத் தொடங்கினேன்.

இந்த நாட்டுச் சட்டம் பழைய கார்களுக்குத் தனியிடம் வைத்திருக்கிறது. முதற்பதிவு செய்து 30 ஆண்டுகள் கடந்த வாகனத்தை ‘வெத்தெரான்’ என்று பதிவுப் பத்திரத்தில் குறித்துத் தருவார்கள். வெறும் வயது போதாது. வாகனம் தயாரித்த காலத்து அமைப்பிலேயே இருக்கவேண்டும், பார்வைக்கும் பொறிக்கும் குறை சொல்ல முடியாத நிலையில் இருக்கவேண்டும், தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது, ஆண்டுக்குச் சராசரியாக 2,000 முதல் 3,000 கிலோமீட்டருக்குள்தான் ஓடவேண்டும். இதெல்லாம் சரியென்றால் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனைக்குக் கொண்டுபோனால் போதும். ஒரே இலக்கத் தகட்டை ஒன்றுக்கு மேற்பட்ட கார்களுக்கு மாற்றி மாற்றிப் பூட்டவும் வழி இருக்கிறது. தகடு எந்தக் காரில் இருக்கிறதோ அதுதான் வீதிக்கு வரலாம். சம்பளக்காரக் குடும்பம் ஒன்று பழைய காரை வைத்திருக்க முடிவது இந்தச் சலுகைகளால்தான்.

சுவிஸில் காருக்கு எதிரி உப்பு. குளிர்காலத்தில் வீதியில் பனி உறையாமலிருக்கக் கொட்டுகிற உப்பு, ஈரத்தோடு சேர்ந்து கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகட்டுக்குள்ளும் சக்கரத்துக்கு மேலுள்ள மட்காட்டின் மடிப்புகளுக்குள்ளும் போய் உட்கார்ந்துவிடும். வெளியே வர்ணம் மினுங்கும். உள்ளே இரும்பு பொடிப்பொடியாக உதிரும். அதனால் பழைய காரைப் பார்க்கப் போகிறவர் கண்ணை நம்பக்கூடாது, ஒரு சிறு காந்தம் கொண்டுபோகவேண்டும். நல்ல தகட்டில் காந்தம் ஒட்டும். பட்டி பூசி மறைத்த இடத்தில் ஒட்டாமல் வழுக்கி விழும். எங்கள் ரெக்கோர்ட்டின் பின் மட்காட் இரண்டிலும் விழுந்தது. 1990களில் ஏதோ ஒரு கராஜில் செய்வித்த வேலை. சுரண்டிப் பார்த்தால் ஒரு விரல் தடிப்புக்குப் பட்டி, அதன் அடியில் ஓட்டை.

அந்த இடங்களைச் செய்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. முதலில் ஆலையில் புள்ளி புள்ளியாகப் போட்ட வெல்டிங்கைத் தேடி, ஒவ்வொன்றையும் துளைபோட்டு விடுவிக்கவேண்டும். இழுத்துப் பிய்த்தால் நல்ல தகடும் கிழியும். பழுதான பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, அதே தடிப்பில் புதுத்தகடு வளைத்து, முன்பிருந்த அதே இடைவெளியில் புள்ளி வெல்டிங். மூட்டு தெரியாமலிருக்கப் பட்டிக்குப் பதில் ஈயம் பூசுவது பழைய முறை. 70 வீதம் ஈயமும் 30 வீதம் வெள்ளீயமும் கலந்த கோல் அது. 183 பாகை வெப்பத்தில் இளகத் தொடங்கும், 250ஐத் தாண்டினால்தான் முழுக்கத் திரவமாகும். நடுவில் இருக்கிற அந்த இடைவெளியில் அது பனங்களிப் பதத்தில் நிற்கும். தேன்மெழுகு தடவிய மரத்துடுப்பால் அப்போது தடவி உருவம் கொடுக்கவேண்டும். சுவாலையைக் கொஞ்சம் கூடக் காட்டினால் எல்லாம் வழிந்து நிலத்தில். ஆறியபின் அரத்தால் மட்டுமே உராயலாம். மின்சார இயந்திரம் வைத்தால் ஈயத்தூசி நெஞ்சுக்குள் போகும். மகன் இரண்டாம் பக்கத்தைத் தானே செய்தான். பொறுமை அவனுக்கு அப்பப்பாவிடமிருந்து வந்தது என்று நினைக்கிறேன்.

பொறியில் பெரிய சிக்கல் இல்லை. 1.9 லீற்றர், வார்ப்பிரும்புத் தலை, உறுதியான சாமான். ஈயம் கலந்த பெற்றோல் குடித்து வளர்ந்த தலைமுறை என்பதுதான் கவனிக்கவேண்டியது. அந்த ஈயம் வால்வு இருக்கைகளைத் தேயாமல் காத்தது. சுவிஸில் 2000ஆம் ஆண்டோடு அது நின்றுவிட்டது. ஆகவே தலையைக் கழற்றும்போதே கடினமான இருக்கை வளையங்கள் பொருத்திவிட்டோம்.

வாக்குவாதம் வந்தது டாஷ்போர்டில். அதன் நடுவே இரண்டு திருகாணி ஓட்டைகள். அப்பா பிள்ளையார் படம் பூட்டிய இடம். பக்கத்தில் சந்தனம் ஊறிய கறை. ஜெர்மனியில் புதிதுபோல ஒரு டாஷ்போர்ட் கிடைக்கிறது, அதைப் போடுவோம் என்றான் மகன். நான் மாட்டேன் என்றேன்.

உலகப் பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபீவா தொகுத்த டூரின் சாசனம் என்று ஒன்று இருக்கிறது. பேணுதல் வேறு, பழுதுபார்த்தல் வேறு, மீட்டெடுத்தல் வேறு என்று அது பிரித்துச் சொல்கிறது. மீட்டெடுப்பது எல்லாவற்றுக்கும் பிந்திய வழி. வாழ்ந்த காலத்தில் ஒரு வாகனம் பெற்ற தடயங்களும் அதன் வரலாறுதான் என்பது அதன் சாரம். பீல் ஆலையில் பொருத்தியவர்களின் கை எவ்வளவு முக்கியமோ, அகதியாக வந்து சம்பளத்தில் மிச்சம்பிடித்து வாங்கியவரின் கையும் அவ்வளவு முக்கியம். சுவிஸ் தமிழரின் முதல் தலைமுறையைப் பற்றி எழுதப்பட்டவை குறைவு. இந்த இரண்டு ஓட்டைகளில் அவர்களின் கதை இருக்கிறது. அடைக்க எனக்கு மனம் வரவில்லை.

சாசனம் எழுதப்படுவதற்கு வெகுகாலம் முன்பே இந்தப் பேணுதலை நான் யாழ்ப்பாணத்தில் கண்டிருக்கிறேன். என் அப்பப்பாவிடம் ஒஸ்டின் ஏ40 இருந்தது, வாடகைக்கு ஓடியது. 1990இல் மறுபடி போர் மூண்டு பொருளாதாரத் தடை இறுகியபோது பெற்றோல் மருந்துக்கும் கிடையாது. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த பொறியில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, பற்றாது. அதனால் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பிப்பார்கள். பொறி சூடேறியதும் மண்ணெண்ணெய் தானாக எரியும். அந்தக் காலத்துப் பிரித்தானியப் பொறிகளின் அமுக்க விகிதம் குறைவு, அதனால்தான் தாக்குப்பிடித்தன. உதிரிப்பாகம் வராது, ஆகவே எதையும் எறியமாட்டார்கள். தேய்ந்ததைக் கடைந்து, உடைந்ததை ஒட்டி, இருக்கிறதை வைத்தே இன்னும் ஒருநாள் ஓடவைத்த மெக்கானிக்குகளுக்குப் பட்டமோ சான்றிதழோ எவரும் கொடுக்கவில்லை. அந்தக் கார்களில் சில இன்றும் யாழ்ப்பாண வீதிகளில் போகின்றன.

அந்த ஒஸ்டினை இப்போது வைத்திருப்பவர் என் சித்தப்பா. ரெக்கோர்ட்டின் தரைத்தகட்டைக் கைபேசியில் காட்டி, முழுவதையும் மாற்றட்டுமா என்று கேட்டேன்.

‘மோனே, முதல்ல சுத்தியலால தட்டிப் பார். சத்தம் தெளிவா இருக்கிற இடத்தில கை வையாத. மங்கிக் கேக்கிற இடத்தை மட்டும் வெட்டு.’

அப்படியே செய்தோம். தரையில் பாதிக்கு மேல் பீலில் பொருத்திய அதே தகடு நிற்கிறது.

மகன் மூன்று நாள் என்னோடு பேசாமல் வேலை செய்துவிட்டு, டாஷ்போர்டைப் பற்றி என் அப்பாவிடமே கேட்டுவிடுவோம் என்றான். எண்பதைத் தாண்டியவர், கொட்டிலுக்கு வந்து நெடுநேரம் காரைச் சுற்றி நடந்தார். ஓட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ‘படம் வீட்டில கிடக்குது, கொண்டுவரட்டோ?’ என்று பேரனைக் கேட்டார். கொண்டுவாருங்கோ அப்பப்பா என்றான் அவன்.

இனிப் பிரேக் குழாய்கள் பாக்கி. இரும்புக் குழாயை நீக்கிச் செம்பும் நிக்கலும் கலந்த குழாய் போடுகிறோம்; உப்பு அதைத் தின்னாது. வசந்தத்தில் பரிசோதனைக்குப் பதிவு செய்திருக்கிறோம். பதிவுப் பத்திரத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் இம்முறை மகனின் பெயர்.