கதையில் மாண்டவனுக்குக் கண்ணீரா?

அமெரிக்க ஆசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 2000-ம் ஆண்டில் வெளியிட்ட 'எ ஸ்டார்ம் ஆஃப் ஸ்வார்ட்ஸ்' என்னும் நாவலில், கலியாண விருந்தொன்றை வர்ணிக்கும் அத்தியாயம் உண்டு. வாசகர்கள் அதற்கு 'சிவப்புக் கலியாணம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதைப் படித்தவர்களில் பலர் புஸ்தகத்தைச் சுவரில் வீசி எறிந்தனர். சிலர் தேம்பி அழுதனர். 'இனி உம்முடைய நூல் எதையும் தொடமாட்டோம்' என்று ஆசிரியருக்கே கடிதம் எழுதியவர்களும் உண்டு. இவ்வளவும் எதற்காக? ஒருநாளும் பிறவாத, காகிதத்தில் மட்டுமே நடமாடிய ஓர் இளைஞனுக்காக! காரியவாதிகள் இதைக் கேட்டு நகைக்கக்கூடும். நாம் நகைக்க மாட்டோம். அந்த ஆத்திரத்திற்கு நியாயம் உண்டென்பதே நமது கட்சி.

கதை நடப்பது வெஸ்டெரோஸ் என்னும் கற்பனைக் கண்டத்தில். அங்கே பறவைநாகங்களும் மந்திரங்களும் உண்டென்றாலும், கதையின் உயிர்நாடி அரசுரிமைப் போர்தான். 1996-ல் வந்த முதற்பாகத்தில் எட்டார்டு ஸ்டார்க் என்னும் உத்தம பிரபு அநியாயமாகச் சிரச்சேதம் செய்யப்படுகிறான். அவன் மகன் ராப், பால்யம் நீங்காத வயதில் படை நடத்தி, களத்திலே ஒரு போரிலும் தோற்காமல் வருகிறான். தகப்பனுக்காகப் பழிவாங்கப் பிறந்த பிள்ளை என்று வாசகர்கள் அவன்மீது தங்கள் பட்சத்தையெல்லாம் சொரிந்துவிட்டார்கள். அவர்கள் அவ்வாறு எதிர்பார்ப்பார்கள் என்பதை அறிந்தே அந்த எதிர்பார்ப்பை முறித்ததாக மார்ட்டின் பின்னாளில் கூறியிருக்கிறார்.

ராப் செய்த பிழை ஒன்று உண்டு. ஆற்றைக் கடக்கப் பாலம் வேண்டியபோது, பாலத்துக்குடையவனான வால்டர் ஃப்ரே என்னும் கிழவனின் மகள்களில் ஒருத்தியை மணப்பதாக வாக்களித்துவிட்டு, பிறகு வேறொருத்தியை மணந்தான். அந்த அவமானத்தை ஈடுசெய்ய, அவனுடைய மாமன் எட்மூர் கிழவனின் மகளை மணப்பதென்று ஏற்பாடாகிறது. விருந்தினர் கோட்டைக்குள் நுழைந்து ரொட்டியும் உப்பும் உண்கிறார்கள். அவற்றை உண்டபின் வீட்டுக்காரன் விருந்தாளியைத் தீண்டலாகாது, விருந்தாளியும் வீட்டுக்காரனைத் தீண்டலாகாது என்பது அந்த நாட்டுத் தர்மம். கொலைகாரனும் மதிக்கும் தர்மம் அது. 'உண்ட வீட்டுக்கு இரண்டகம்' என்று நம்மிடம் ஒரு சொல் உண்டு. உண்ண அழைத்தவனே செய்யும் இரண்டகத்துக்கு அதனினும் கடிய சொல் ஒன்று வேண்டும்.

அத்தியாயம் முழுவதையும் ராப்பின் தாய் கேட்லினுடைய கண்களால் நாம் காண்கிறோம். சாப்பாடு நன்றாக இல்லை, வாத்தியக்காரர்களுக்கு வாசிக்கவே தெரியவில்லை, மணப்பெண் அழுதுகொண்டிருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அவளும் சொல்லிக்கொள்கிறாள், வாசகனும் சொல்லிக்கொள்கிறான். திடீரென்று பகைவர் குடும்பத்துப் பாட்டு ஒன்று மேல்மாடத்திலிருந்து கிளம்புகிறது. ஃப்ரே குடும்பத்தான் ஒருவனுடைய கையை அவள் பற்றுகிறாள். பட்டுத்துணிக்கு அடியில் இரும்பு தட்டுப்படுகிறது. வாத்தியக்காரர்கள் கையில் இப்போது இருப்பவை வில்லும் அம்பும். மகனைக் காக்கும் கடைசி உபாயமாகக் கிழவனின் பேரன் ஒருவனைப் பிடித்து, அவன் கழுத்தில் கத்தியை வைக்கிறாள். அவன் புத்தி வளராத பேதை, யாருக்கும் தீங்கு செய்யாதவன். கிழவனோ அவனை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. மகன் கண்ணெதிரே குத்துண்டு விழ, அவளும் அந்தப் பேதையின் கழுத்தை அறுத்துவிடுகிறாள். வாசகன் நெஞ்சு உடைவது இங்கேதான் என்று எண்ணுகிறோம். தன் பட்சத்தார் மாள்வதை எப்படியோ பொறுத்துக்கொள்ளலாம். தன் பட்சத்தாள் கை ஒரு நிரபராதியின் இரத்தத்தில் தோய்வதை எப்படிப் பொறுப்பது?

'இந்த ஆசிரியர் கல்நெஞ்சர்' என்று குறைகூறுவோர் ஸ்காட்லாந்தின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்க்கவேண்டும். இந்தக் காட்சிக்கு வித்து அங்கிருந்துதான் கிடைத்தது என்று மார்ட்டினே சொல்லியிருக்கிறார். 1440-ல் டக்ளஸ் குலத்து இளம் பிரபுவையும் அவன் தம்பியையும் எடின்பரோ கோட்டைக்கு விருந்துக்கு அழைத்து, பெயருக்கு ஒரு விசாரணை நடத்தித் தலையை வெட்டினார்கள். அரசன் அப்போது பத்து வயதுச் சிறுவன். 1692 பிப்ரவரியில் கிளென்கோ பள்ளத்தாக்கில் நடந்தது இதன் மறுதலை. அங்கே மெக்டொனால்டு குடிகளின் வீடுகளில் ஏறக்குறைய இரண்டு வாரம் உண்டு உறங்கிய சிப்பாய்கள், ஒருநாள் விடியுமுன் எழுந்து அவர்களையே கொன்றார்கள். வெட்டுண்டவர் சுமார் 38 பேர். பனிமலையில் ஓடி மாண்டவர்கள் வேறு.

சட்டம் படித்தவர்களுக்கு ஒரு விசேஷம். தன்னை நம்பியிருப்பவனைக் கொல்வது வெறுங்கொலையன்று, ராஜத்துரோகத்துக்கு ஒப்பானது என்று ஸ்காட்லாந்தில் 1587-லேயே சட்டம் இயற்றியிருந்தார்கள். கிளென்கோவைப் பற்றி 1695-ல் விசாரணைக் கமிஷனும் கூடியது. நடந்தது கொலையே என்று முடிவும் ஆயிற்று. தூக்குமேடை ஏறியவர் மட்டும் ஒருவருமில்லை. கமிஷன் அறிக்கையைப் படித்துவிட்டு வாளாவிருந்தவர்களைக் காட்டிலும், நாவலைச் சுவரில் எறிந்தவன் நீதியுணர்ச்சி மிக்கவனாகவே நமக்குத் தோன்றுகிறான். அவன் இரத்தத்தைக் கண்டு சினக்கவில்லை. முந்திய பக்கங்களில் இரத்தம் ஆறாகவே ஓடியிருக்கிறது. ரொட்டியும் உப்பும் தின்றபிறகு இது நடக்கலாமா என்பதே அவன் வழக்கு. கதையும் ஒரு விருந்துதானே. ஆசிரியரை நம்பி உள்ளே வந்தவனல்லவா அவன்?

2013 ஜூன் 2-ம் தேதி இந்த நிகழ்ச்சி தொலைக்காட்சியில் வந்தபோது வேறொரு விநோதம் நடந்தது. நூலைப் படித்தவர்கள், படியாத நண்பர்களையும் வீட்டாரையும் எதிரே உட்கார்த்தி, அவர்கள் அலறுவதையும் வாயைப் பொத்திக்கொள்வதையும் ரகசியமாகப் படம் பிடித்து உலகுக்கெல்லாம் காட்டினார்கள். அன்புள்ளவர்களை அழைத்து உட்காரவைத்துக் கதவைத் தாளிட்டதில், வால்டர் ஃப்ரேயின் வாசனை சற்று இவர்களிடமும் வீசியது! ஆயினும், தனியே அழுதுதீர்த்த துக்கத்துக்குக் கூட்டாளி தேடிய ஏக்கமும் அதில் இருந்தது. தொலைக்காட்சிக்காரர்கள் நூலில் விருந்துக்கே வராத ராப்பின் மனைவியைக் கர்ப்பிணியாக அழைத்துவந்து முதலில் அவள் வயிற்றில் குத்தினார்கள். அது நமக்கு உடன்பாடன்று. தாயின் கண்வழியே பார்க்க முடியாத குறையை அடியின் பலத்தால் ஈடுசெய்யப் பார்த்தார்கள். முடிவில் பெயர்ப் பட்டியலை இசையின்றி மௌனமாக ஓடவிட்டதை மட்டும் பாராட்டுகிறோம்.

எழுதியவருக்கும் அது எளிதாயிருக்கவில்லை. அந்த அத்தியாயத்தைத் தாண்டிச் சென்று நூலின் மற்றப் பகுதிகளையெல்லாம் முடித்தபின்னரே மார்ட்டின் அதற்குத் திரும்பினார். தாம் எழுதியவற்றில் அதுவே மிகக் கடினமானது என்றும் கூறியிருக்கிறார். எறிந்த வாசகரில் பலர் புஸ்தகத்தை மறுபடியும் எடுத்தார்கள். எடுத்தவர்கள் அடுத்த அத்தியாயத்தில் கண்டது, அந்தத் தாயின் இளைய மகள் ஆர்யாவை. நெடுந்தூரம் அலைந்து அதே கோட்டை வாயிலுக்கு வந்துவிட்டாள்; அம்மா உள்ளே இருக்கிறாள் என்று இருளில் ஓடுகிறாள்; பின்னாலிருந்து ஒரு கோடரி அவள் தலையில் இறங்குகிறது. அத்தியாயம் அத்துடன் நின்றுவிடுகிறது.