செத்த கம்பெனியின் பத்திரம்

தலைப்பைப் பார்த்ததும் ஏதோ கோர்ட்டு விவகாரம் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள் நண்பர்களே! தபால்தலை சேர்ப்பவர்கள் நம் ஹாஸ்டலிலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள். ஆனால் அந்தத் தபால்தலைகளை விற்ற ஆதிகாலக் கம்பெனிகளின் பங்குப் பத்திரங்களைத் தேடி அலைகிறவன், எனக்குத் தெரிந்து, நம் கல்லூரியில் நான் ஒருவன்தான். அலைந்து என்ன கிடைத்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கிறுக்கு அப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஆரம்பித்தது. 1990களில் அவர் ஒரு கம்பெனியில் 10 ரூபாய் ஷேர் 200 வாங்கினார். கம்பெனி போன இடம் தெரியவில்லை. பத்திரம் மட்டும் பெட்டியில் இருக்கிறது. "பணம்தான் போச்சு. பேப்பர் என்னா அழகு பாரு" என்று வருஷத்துக்கு ஒருமுறையாவது சொல்வார். அச்சுத் தொழில்நுட்பம் படிக்க வந்த பிறகுதான் அந்த அழகு எனக்கும் புரிந்தது.

காலாவதியான பங்குப் பத்திரங்களைச் சேர்ப்பதற்கு ஆங்கிலத்தில் 'ஸ்கிரிப்போஃபிலி' என்று பெயர். 1970களில்தான் இது ஒரு தனிப் பொழுதுபோக்காகத் தலையெடுத்தது. பெரும்பாலானவர்கள் ரயில்வே, சுரங்கம், எண்ணெய்க் கம்பெனி என்று போவார்கள். படம் பெரிதாக இருக்கும், சரக்கும் நிறையக் கிடைக்கும். தபால்தலைக் கம்பெனிப் பத்திரம் அப்படியல்ல. ரயில்வேக்கு ஆயிரக்கணக்கான பங்குதாரர்கள். தபால்தலைக் கம்பெனி என்பது பெரும்பாலும் ஒரு வியாபாரி, அவருடைய தம்பி, கணக்குப்பிள்ளை, கடன் கொடுத்த ஒரு நண்பர், அவ்வளவுதான்! அடித்ததே சில புத்தகங்கள்தான் இருக்கும். போதாக்குறைக்கு இதைத் தேடுகிறவர்கள் இரண்டு கோஷ்டி: பத்திரம் சேர்ப்பவர்கள் ஒரு பக்கம், தபால்தலைக்காரர்கள் மறுபக்கம்.

தபால்தலை வியாபாரம் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தின் பிளிமத் நகரில் ஸ்டான்லி கிப்பன்ஸ் என்ற இளைஞர் 1856-ல் அப்பாவின் மருந்துக்கடையில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு தபால்தலை விற்றார். 1863-ல் இரண்டு மாலுமிகள் மூட்டை நிறைய நன்னம்பிக்கை முனையின் முக்கோணத் தபால்தலைகளைக் கொண்டுவந்தார்களாம். அத்தனையையும் 5 பவுனுக்கு வாங்கிப்போட்டார். 1890-ல் அந்த வியாபாரத்தை சார்லஸ் பிலிப்ஸ் என்பவருக்கு 25,000 பவுனுக்கு விற்றுவிட்டு ஊர் சுற்றக் கிளம்பிவிட்டார்! கடை லிமிடெட் கம்பெனி ஆயிற்று. அமெரிக்காவிலும் இதே கதை. நியூயார்க்கில் 1868-ல் தபால்தலை விலைப்பட்டியல் போட்ட ஜான் வால்டர் ஸ்காட், 1880களில் கடையைக் கைமாற்றினார். வாங்கியவர்கள் 'ஸ்காட் ஸ்டாம்ப் அண்ட் காயின் கம்பெனி' என்று நடத்தினார்கள். செயின்ட் லூயி நகரில் சார்லஸ் மெக்கீலின் கம்பெனி 1891-ல் தபால்தலைக்கென்றே ஒரு வாரப் பத்திரிகை தொடங்கியது. ஒரு தனிமனிதரின் கடை, கம்பெனியாக மாறும் அந்தக் கட்டத்தில்தான் பங்குப் பத்திரம் பிறக்கிறது.

இனி நம் துறைக்கு வருவோம். ஒரு நல்ல பத்திரத்தில் என்னென்ன இருக்கும்? நடுவில் கம்பெனி பெயர், வரிசை எண், பங்குதாரர் பெயர், தலைவரும் காரியதரிசியும் பேனாவால் போட்ட கையெழுத்து, தாளை அமுக்கி எழுப்பிய முத்திரை. ஓரத்தில் பின்னல் கோலம் மாதிரி நுண்ணிய வரிகள். அந்தக் கோலத்தைக் கையால் போடுவதில்லை. அதற்கென்றே கடைசல் எந்திரம் உண்டு. கள்ளப் பத்திரம் அடிப்பவனுக்கு அதைப் பார்த்து வெட்டக் கை வராது. பணக்காரக் கம்பெனிகள் எஃகுத் தகட்டில் செதுக்கி இன்டாக்லியோ முறையில் அடித்தன. அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனி ஒரே கூரையின் கீழ் 1879 முதல் 1894 வரை அரசாங்கத்துக்குத் தபால்தலையும் அடித்தது, கம்பெனிகளுக்குப் பங்குப் பத்திரமும் அடித்தது. கையில்லாத சின்னக் கம்பெனிகள் என்ன செய்தன? கழுகுப் படம் போட்ட ரெடிமேட் லித்தோ படிவத்தை வாங்கி, பெயரை மட்டும் லெட்டர்பிரஸ்ஸில் ஏற்றிக்கொண்டன. நம் ஊரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற மாதிரிதான்!

பத்திரத்தின் இடது ஓரத்தில் கோந்துக் கறை இருந்தால் முகம் சுளிக்காதீர்கள். பங்கு கைமாறும்போது பழைய பத்திரத்தைத் திருப்பி வாங்கி, ஓட்டை போட்டு ரத்து செய்து, புத்தகத்தின் அடிக்கட்டையிலேயே ஒட்டி வைப்பது வழக்கம். அந்தக் கறை ஒரு நல்ல சாட்சி. எழுதாத வெற்றுப் படிவத்துக்கு விலை குறைவு. பெயர் எழுதி, புகழ்பெற்ற வியாபாரி கையெழுத்துப் போட்டதற்கு விலை பல மடங்கு. இன்னொரு வேடிக்கை! 1898-ல் ஸ்பெயின் யுத்தச் செலவுக்காக அமெரிக்கா பங்கு மாற்றத்துக்கு 100 டாலருக்கு 2 சென்ட் வரி போட்டது. அதற்குப் போர்க்கப்பல் படம் போட்ட ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். தபால்தலை விற்றுப் பிழைத்தவனும் தன் பத்திரத்தில் ஸ்டாம்ப் ஒட்டித்தான் ஆகவேண்டும்.

சரி, நான் அலைந்த கதை. போன வருஷம் ஒரு கண்காட்சியில், 1892 என்று தேதி போட்ட அமெரிக்கத் தபால்தலைக் கம்பெனிப் பத்திரம் ஒன்றைப் பார்த்தேன். ஒருவர் 2,600 ரூபாய் சொன்னார். அரியர் ஃபீஸுக்கும் புத்தகத்துக்கும் வீட்டில் கொடுத்த பணம் கையில் இருந்தது. மேலும் விளக்க வேண்டாம் அல்லவா?

ஹாஸ்டலுக்கு வந்து விரலால் தடவிப் பார்த்தேன். மேடு இல்லை. பயப்படவில்லை. லித்தோ என்றால் மேடு இருக்காது. மறுநாள் லேபில் பத்து மடங்கு லென்ஸை வைத்தேன். அடிவயிறு கலங்கிவிட்டது! பச்சை ஓரக்கோடு பச்சையாக இல்லை. நீலப் புள்ளியும் மஞ்சள் புள்ளியும் பூப்பூவாக வரிசை பிடித்து நின்றன. அந்தக் கால லித்தோவிலும் புள்ளி உண்டு. ஆனால் அது கையால் வைத்தது, தாறுமாறாக இருக்கும், ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல். இதுவோ ஒழுங்கான ஸ்கிரீன் புள்ளி, நம் நாலு கலர் ஆஃப்செட். அதையும் மன்னிக்கலாம். காரியதரிசியின் 'பேனாக் கையெழுத்தும்' புள்ளிதான்! கடைசி நம்பிக்கையாக, எதிர்த்த மளிகைக் கடையில் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கின் கீழ் நீட்டினேன். தாள் வெளுத்த வேட்டி மாதிரி நீலமாகப் பளிச்சிட்டது. தாளில் அப்படி மினுங்கும் வெளுப்பு ரசாயனம் சேர்க்க ஆரம்பித்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். 1892-ல் ஏது?

மறுபடி ஓடிப்போய்க் கேட்டால், "ரசீது இருக்கா தம்பி?" என்றார். இல்லை. மூன்று வருஷம் ஹாஃப்டோன் படித்தவன், வாங்கும்போது ஒரு லென்ஸ் எடுத்துப் போகவில்லை. அந்தத் தாள் இப்போது லேபில் ஜூனியர்களுக்கு ஸ்கிரீன் புள்ளி காட்ட உதவுகிறது. அரியர் ஃபீஸை ரூம்மேட் கட்டினான்.

அசல் கிடைத்தால் காப்பாற்றுவது தனிப் பாடு. மெலிதான பாலியஸ்டர் உறையில் வையுங்கள். பி.வி.சி. உறை ஆகாது, நாள்பட்டால் பிசுபிசுத்து மையை இழுத்துக்கொள்ளும். செல்லோடேப் கூடவே கூடாது. ராமபாணப் பூச்சிக்கும் ஈரத்துக்கும் எட்டாத உயரத்தில் வையுங்கள். எக்காரணம் கொண்டும் லேமினேட் செய்யாதீர்கள். சூடும் பசையும் தாளோடு ஒன்றிப்போனால் திரும்பப் பிரிக்க முடியாது. சேகரிப்பவன் அதைத் தொடவே மாட்டான்.

கம்பெனிகள் இன்னும் செத்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஸ்டான்லி கிப்பன்ஸ் 2021-ல் பிரிட்டிஷ் கயானாவின் ஒரு சென்ட் தபால்தலையை 83 லட்சம் டாலருக்கு ஏலம் எடுத்து, அதை 80,000 பங்காகப் பிரித்து, பங்கு 100 பவுன் என்று விற்க முன்வந்தது. 2023-ல் அந்தக் கம்பெனியே நொடித்துப்போய், வியாபாரம் வேறு கைக்குப் போனது. ஆனால் புதிதாகச் சாகும் கம்பெனி பெரும்பாலும் காகிதம் விட்டுப் போவதில்லை. நம் நாட்டிலும் 1996-க்குப் பிறகு டீமேட் வந்து, எல்லாம் கணினிக் கணக்காகிவிட்டது. அப்பாவின் பெட்டியில் இருப்பதுபோன்ற தாள் இனி அடிக்கப்போவது அபூர்வம்.

இதையெல்லாம் பொங்கல் லீவில் அப்பாவிடம் சொன்னேன். ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நம்ம பத்திரத்துக்கும் ஒருநாள் விலை வரும்கிறே?" என்றார்.

"ஒரு அம்பது வருஷம் போகட்டும்பா. கெடாம வச்சிருந்தா வரலாம்."

"அதெல்லாம் கெடாது. நீ காலேஜ் சேர்ந்த அன்னைக்கே பஸ் ஸ்டாண்டு கடையில குடுத்து லேமினேட் பண்ணி வச்சிட்டேன்" என்றார்.