தமிழ் விக்கிப்பீடியாவை எழுதுவது யார்?

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர் கல்மரம் பற்றி ஒரு மாணவர் செயல்திட்டம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அலைபேசியில் தேடியதும் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் விக்கிப்பீடியா. 1940-ல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த, ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள் பழைமையான, 18 மீட்டர் நீளமுள்ள அந்த மரத்தைப் பற்றி அங்கே என்ன உள்ளதோ, அதுவே அம்மாணவரின் ஏட்டிலும் ஏறும். அப்படியானால் அதை எழுதுபவர் யார் என்பது ஆசிரியர்கள் அறிய வேண்டிய செய்தி அல்லவா?

யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதே விக்கிப்பீடியாவின் அடிப்படை. ஆனால் எல்லாரும் எழுதுவதில்லை. எந்த மொழியிலும் படிப்போர் மிகப் பலர், திருத்துவோர் சிலர், தொடர்ந்து எழுதுவோர் மிகச் சிலர். 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் இதற்கு விலக்கல்ல. அதன் தொடக்க ஆண்டுகளில் பெரும்பங்கு ஆற்றிய இ. மயூரநாதன் இலங்கையில் பிறந்தவர்; வளைகுடா நாட்டில் கட்டடக் கலைஞராகப் பணியாற்றியவர். ஓய்வு நேரத்தில் ஆயிரக்கணக்கான கட்டுரைகளைத் தொடங்கினார். 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருது அவருக்கு வழங்கப்பட்டது. இலங்கைத் தமிழரும் புலம்பெயர்ந்தோரும் தமிழ்நாட்டுத் தன்னார்வலர்களும் சேர்ந்து உழைத்ததால் 2017-ல் கட்டுரைகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைக் கடந்தது.

பங்களிப்பு ஏன் ஒரே சீராக இல்லை? முதற்காரணம் நேரமும் கருவியும். அலைபேசியில் படிப்பது எளிது. மேற்கோளுடன் நீண்ட கட்டுரை எழுதுவது கடினம். தமிழ்த் தட்டச்சுப் பழக்கமும் தேவை. இரண்டாவது, தயக்கம். "நான் என்ன அறிஞரா?" என்று ஒதுங்குவோர் பலர். முதல் கட்டுரை நீக்கப்பட்டதும் திரும்பி வராதோரும் உண்டு. மூன்றாவது, வீட்டுப் பொறுப்பு. விக்கிமீடியா நடத்திய உலகளாவிய கணக்கெடுப்புகளில் பெண்களின் பங்கு ஐந்தில் ஒன்றைக்கூட எட்டவில்லை. யார் எழுதவில்லையோ, அவர்கள் அறிந்த உலகமும் அங்கே குறைவாகவே இருக்கும்.

ஊக்கம் தந்தால் நிலை மாறும். 2010 உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டிக் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி நடத்தப்பட்டது. 2017-ல் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. இத்தகைய முயற்சிகளின்போது கட்டுரைகள் பெருகும், முடிந்ததும் குறையும். உடன் எழுதவும் ஐயம் தீர்க்கவும் நாலு பேர் இருந்தால்தான் பழக்கம் நிலைக்கும்.

அரியலூர், பெரம்பலூர் ஆசிரியர்களுக்கு எழுத வேண்டியவை ஏராளம். கங்கைகொண்ட சோழபுரம், 2024-ல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்ட கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம், அரியலூர்ப் பகுதியின் கடல்சார் புதைபடிவங்கள், ரஞ்சன்குடிக் கோட்டை ஆகியவை சில. 2007-ல் அரியலூர் மீண்டும் தனி மாவட்டமானது. பழைய விவரங்கள் எங்கேனும் பெரம்பலூர் என்றே நிற்கின்றனவா என்று பார்ப்பதும் பயனுள்ள பணியே.

தொடங்கும் முறை எளிது. புதுக் கட்டுரைக்கு முன், இருப்பதைத் திருத்துங்கள்: ஒரு பிழை, ஒரு மேற்கோள், நீங்களே எடுத்த ஒரு படம். பாடநூலையோ நாளிதழையோ அப்படியே படியெடுக்கக் கூடாது. அது பதிப்புரிமை மீறல். படித்ததைச் சொந்த நடையில் எழுதி, நூலின் பெயரைக் குறிப்பிட வேண்டும். செவிவழிச் செய்தி எவ்வளவு சுவையானாலும் அச்சான சான்று இல்லையெனில் நிலைக்காது. மாணவர்களின் பெயர், படம் வேண்டாம்.

இதனால் வகுப்பறைக்கும் நன்மை உண்டு. ஒரு பக்கத்தின் "வரலாறு" பகுதியைத் திறந்து, யார் எப்போது எதை மாற்றினார் என்று காட்டுங்கள். "இதற்குச் சான்று எங்கே?" என்று மாணவர்கள் கேட்கத் தொடங்குவார்கள். அந்தக் கேள்வி எந்தப் பாடத்திற்கும் உதவும்.