உஷார்! “வளர்ந்தால் தானாகப் புரிந்துகொள்வான்” என்று விட்டுவிடாதீர்கள்

“சின்னப் பிள்ளைதானே, பெரியவனானால் தானாகப் புரிந்துகொள்வான்.” உடற்குறையுள்ளவர்களைப் பற்றியும் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைப் பற்றியும் பேச்சு வரும்போதெல்லாம் நம் வீடுகளில் இந்தச் சமாதானம் வந்துவிடுகிறது. பெற்றோரே, இதை நம்பி இருந்துவிடாதீர்கள். வயது ஏறினால் விவரம் தெரியும், பழகும் மனம் தானாக வந்துவிடாது. உலகெங்கும் மாணவர்களிடம் நடந்த ஆய்வுகளும் வயது விஷயத்தில் ஒரே பதிலைத் தரவில்லை. சிலவற்றில் பெரிய மாணவர்களின் மனப்போக்கு மேலாக இருக்கிறது, சிலவற்றில் பதின்ம வயதில் அது சறுக்குகிறது.

மூன்று நான்கு வயதில் பிள்ளைகள் வித்தியாசத்தைக் கவனிக்கத் தொடங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரின் தேக்கா நிலையத்தில் நின்று பாருங்கள். சக்கர நாற்காலியில் ஒருவர் சாப்பாட்டுக் கடைப் பக்கம் வருவார். “அம்மா, அந்த மாமாவுக்குக் கால் என்ன ஆச்சு?” என்று ஒரு குழந்தை உரக்கக் கேட்கும். “ஷ்ஷ், அப்படிப் பார்க்கக்கூடாது, வா” என்று அம்மா கையைப் பிடித்து இழுப்பார். கேள்வியில் தப்பே இல்லை. ஆனால் அந்த இழுப்பில் குழந்தைக்கு ஒரு பாடம் கிடைத்துவிடுகிறது: இவர்களைப் பற்றிப் பேசக்கூடாது, இவர்கள் பக்கம் நிற்கக்கூடாது. “மாமாவால் நடக்க முடியாது, அதனால் அந்த வண்டியில் வருகிறார், வணக்கம் சொல்லு” என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கையைப் பிடித்து இழுப்பதைவிட மோசம், “சொன்ன பேச்சுக் கேட்காவிட்டால் நீயும் இப்படித்தான் ஆவாய்” என்று மிரட்டுவதும், “போன ஜென்மத்துப் பாவம்” என்று பெரியவர்கள் பிள்ளையின் காதுபட முணுமுணுப்பதும். அந்தப் பேச்சை இன்றோடு நிறுத்துங்கள்.

ஏழு வயதில் பாதை பிரிகிறது. மிதமான, கடுமையான சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கும் சிங்கப்பூரில் 2019லிருந்து கட்டாயக் கல்வி உண்டு. அது பெரிய முன்னேற்றம். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் படிப்பது தனிச் சிறப்புப் பள்ளிகளில். அதனால் பாலர் பள்ளிப் பருவத்தில் சேர்ந்து விளையாட வாய்ப்பிருக்கும் பிள்ளைகள், அதன் பிறகு ஒருவரை ஒருவர் பார்ப்பதே அரிதாகிவிடுகிறது.

அப்படியானால் நம் பிள்ளையின் வகுப்பில் யாரும் இல்லையா? இங்கேதான் மிகவும் உஷாராக இருக்க வேண்டும். சிங்கப்பூரில் சிறப்புத் தேவையுள்ள மாணவர்களில் பத்தில் எட்டுப் பேர் வழக்கமான பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். டிஸ்லெக்சியா, கவனக்குறைபாடு, லேசான ஆட்டிசம் எதுவும் முகத்தில் எழுதி ஒட்டியிருக்காது. ஒன்பது பத்து வயதுப் பிள்ளைக்கு நியாயம் என்றால் எல்லாருக்கும் ஒரே அளவு. ஆனால் பள்ளித் தேர்வுகளில் டிஸ்லெக்சியா போன்ற சிரமமுள்ள மாணவருக்குக் கூடுதல் நேரம் கொடுக்க ஏற்பாடு உண்டு. “அவனுக்கு மட்டும் ஏன்? இது ஏமாற்றுவது இல்லையா?” என்று உங்கள் பிள்ளை வீட்டுக்கு வந்து புகார் சொல்வான். அந்த நேரத்தில் நீங்கள் சொல்லும் பதில் நெடுநாள் நிற்கும். “ஆமாம், உனக்கும் கொடுக்கலாமே” என்றால் முடிந்தது கதை. ஒரு வரியை நீ ஒரு தடவை படித்தால் போதும், அவன் நான்கு தடவை படித்தால்தான் எழுத்து பிடிபடும், உனக்குத் தெரிந்ததை எழுத உனக்குக் கிடைக்கும் வாய்ப்புத்தான் அவனுக்கும் கிடைக்கிறது என்று விளக்கினால் பத்து வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே புரியும்.

உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் ஆபத்து வேறு உருவம் எடுக்கிறது. பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைக்கு எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் அழகு என்று தெரியும். கருத்தாய்வுப் படிவத்தில் “எல்லாரும் சமம்” என்று டிக் செய்வான். அதே மாலை வாட்ஸ்அப் குழுவில் நண்பனைத் திட்ட “ஆட்டிஸ்டிக்” என்று எழுதுவான். மரியாதையாகப் பேசுகிறானே என்று நிம்மதி அடையாதீர்கள். யாரோடு சாப்பிடுகிறான், குழு வேலைக்கு யாரைச் சேர்க்கிறான் என்று பாருங்கள்.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்லவும் முடியாது. லியன் அறநிறுவனம் 2016இல் வெளியிட்ட கருத்தாய்வில், சேர்ந்து படிப்பது நல்லது என்று பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் சிறப்புத் தேவையுள்ள பிள்ளை தங்கள் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரச் சம்மதித்த பெற்றோர் ஏறக்குறைய பாதிப் பேர்தான். வீட்டில் நாம் வாய்திறந்து சொல்லாததையும் பிள்ளைகள் படித்துவிடுகிறார்கள்.

ஒருவரை ஒருவர் பார்த்தால் மட்டும் போதும் என்பதும் உண்மையல்ல. சமநிலையில் நின்று, ஒரே குறிக்கோளுக்காகச் சேர்ந்து உழைத்து, மேலே இருப்பவர்களும் ஆதரித்தால்தான் வெறுப்புக் குறையும் என்று உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954லேயே எழுதினார். ஆண்டுக்கு ஒருமுறை பரிசுப்பையோடு சிறப்புப் பள்ளிக்குப் போய் வருவது அந்தக் கணக்கில் சேராது. ஆனால் உண்மையாகச் சேர்ந்து வளரும் இடங்களும் இங்கே உண்டு. லெங்கோக் பாருவில் 2016இல் தொடங்கிய கிண்டில் கார்டன் பாலர் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக வளர்கிறார்கள். மேஃபிளவர் தொடக்கப்பள்ளியில் 2018லிருந்து சைகைமொழி பேசும் பிள்ளைகள் மற்றவர்களோடு ஒரே பள்ளியில் படிக்கிறார்கள். முடியும் என்பதற்கு இவையே சாட்சி.

2030க்குள் உடற்குறையுள்ளோரில் 40 விழுக்காட்டினர் வேலையில் இருக்க வேண்டும் என்று நாடு இலக்கு வைத்திருக்கிறது. வேலையிடத்தில் அவர்களை ஒதுக்குவதைத் தடுக்கும் சட்டமும் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இன்று உயர்நிலைப் பள்ளியில் இருப்பவர்கள் இன்னும் சில ஆண்டுகளில் நேர்காணல் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருவார்கள். சட்டத்தால் கதவைத் திறந்து வைக்கலாம், உள்ளே வந்தவரோடு பழகச் செய்ய முடியாது.

அடுத்த பிறந்தநாளுக்கு உங்கள் பிள்ளை எழுதும் அழைப்புப் பட்டியலை வாங்கிப் பாருங்கள். வகுப்பில் யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது, ஏன் என்று பொறுமையாகக் கேளுங்கள். அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு நீங்களே போன் போட்டு, வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.