ஆளறிந்து எரியும் விளக்கு

வீட்டில் விளக்கேற்றுவதற்கு ஒருவர் இருந்தார். அணைப்பதற்கும் ஒருவர் இருந்தார். பெரும்பாலும் அவ்விருவரும் ஒருவரே. பொழுது சாய்ந்ததும் தாயார் விளக்கை ஏற்றுவார். எல்லாரும் உறங்கச் சென்றபின் அறை அறையாகப் பார்த்து அவரே அணைப்பார். அந்தக் கண்ணின் அருமையையும் கையின் அருமையையும் நாம் அந்நாளில் எண்ணிப் பார்த்ததில்லை. இன்று அவ்வேலையைச் செய்வதற்கு ஒரு சிறு கருவி வந்திருக்கின்றது. ஆள் வந்தால் விளக்கு எரிகின்றது. ஆள் போனால் அணைகின்றது. யன்னலூடாகப் பகலொளி போதிய அளவு வருமாயின் விளக்குத் தானாகவே மங்குகின்றது. கடைக்காரர் "சென்சர்" என்று விற்கும் இதனை உணரி என்று அழைப்போம்.

உணரியை வாங்கிப் பூட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நாமும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழையானது என்பதை எமது மாணவன் ஒருவனே எமக்குக் கற்பித்தான். அந்த அனுபவத்தைக் கூறி, உணரியைப் பொருத்திச் சீர்செய்யும் முறையையும் வாசகருக்கு விளக்க விரும்புகின்றோம்.

சிக்கனம் வந்த வழி

2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் மின் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் உயர்ந்தது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம் உயர்ந்தது. அதன்பின் கட்டணம் இறங்கியும் ஏறியும் வந்துள்ளது. எவ்வாறாயினும், ஆளில்லாத அறையில் விளக்கு எரிவதைக் கண்டால் மனம் பொறுக்காத இயல்பு அந்நாள்களில் எம்மிடம் வேரூன்றிவிட்டது.

எமது கல்லூரி நூலகத்தின் வாசிப்பு மண்டபத்தில் 18 உவாற்றுக் குழல் விளக்குகள் 12 உள. யாவும் எரிந்தால் 216 உவாற்று. ஆளில்லாத வேளையில் நாளுக்கு 5 மணித்தியாலம் வீணே எரியுமாயின் 1.08 அலகு, 25 நாள்களுக்கு 27 அலகு. இக்கணக்கை ஆசிரியர் கூட்டத்திலே கரும்பலகையில் எழுதிக் காட்டியவர் நாமே. ஆதலால் உணரி பொருத்தும் பொறுப்பும் எம்மிடமே வந்து சேர்ந்தது.

மின்வேலை தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு, வாயிற்பக்க விளக்குகளுக்கு ஒன்றும் உட்பக்க விளக்குகளுக்கு ஒன்றுமாக இரண்டு உணரிகளை உட்கூரையில் பூட்டுவித்தோம். அவற்றின் காலத் திருகை 5 நிமிடத்தில் நிறுத்தினோம். 5 நிமிடம் அசைவு தென்படாவிடில் விளக்குகள் அணைந்துவிடும். நேரம் குறையக் குறையச் சேமிப்புக் கூடுமன்றோ என்பது எமது வாதம்.

விளக்குக்கு வணக்கம்

சில நாள்களின் பின் ஒரு மாலையில் அம்மண்டபத்திற்குச் சென்றோம். உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள், சில நிமிடங்களுக்கு ஒருமுறை, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே ஒரு கையை உயர்த்தி அசைத்துவிட்டு மீண்டும் படித்தனர். இதென்ன என்று கேட்டோம். "விளக்குக்கு வணக்கம், சேர்" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தனர், நாமும் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கிய பின்னரே மூலை மேசை வெறுமையாக இருப்பது கண்ணிற் பட்டது. புத்தக அலுமாரிகளுக்கு அப்பாலுள்ள அமைதியான இடம் அது. வீட்டில் இருந்து படிக்க வசதியில்லாத மாணவன் ஒருவன் வழக்கமாக அங்கே இருப்பான். அன்று அவன் வாயிலை அடுத்த வாங்கில், போவோர் வருவோரின் இரைச்சலுக்கு நடுவே இருந்தான். காரணத்தை வினவினோம்.

"அங்கே லைற் நின்றுவிடும், சேர். கையைத் தூக்கினாலும் அதற்குத் தெரியாது. ஒரு கணக்கிலே மனம் போய்க்கொண்டிருக்கும்போது இருட்டாகிவிடும். இங்கே என்றால் ஆராவது நடந்துகொண்டிருப்பார்கள்."

முறைப்பாடு போல அவன் அதனைச் சொல்லவில்லை, இயல்பாகவே சொன்னான். அதுவே எம்மை அதிகம் வருத்தியது. ஆழ்ந்து படிப்பவன் அசையமாட்டான். அசையாதவனை அங்கு இல்லாதவனாகக் கணக்கிட்டுவிட்டது எமது ஏற்பாடு. எவனுக்காக நூலகத்தில் விளக்கு எரியவேண்டுமோ, அவனையே இருளில் விட்டிருந்தோம்.

உணரி எதனைக் காண்கின்றது?

பெரும்பாலான உணரிகள் ஆளைக் காண்பதில்லை. வெப்பத்தின் நகர்ச்சியையே காண்கின்றன. எமது உடல் ஓயாது வெப்பக் கதிர்களை வீசிக்கொண்டிருக்கின்றது. தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 33 பாகை செல்சியசு. அவ்வெப்பநிலையில் மிகுதியாக வீசப்படும் கதிரின் அலைநீளம் 9 முதல் 10 மைக்குரோமீற்றர் என்பதை, வீனின் விதியைக் கற்ற மாணவர்கள் தாமே கணித்து அறியலாம். கண்ணுக்குப் புலப்படாத செந்நிறக்கீழ்க் கதிர்கள் இவை.

உணரியினுள்ளே, வெப்பம் மாறும்போது மின்னேற்றம் காட்டும் இரு சிறு துண்டுகள் எதிரெதிராக இணைக்கப்பட்டுள்ளன. அறை முழுவதும் ஒருங்கே சூடேறினால் ஒன்றின் விளைவை மற்றது அழித்துவிடும். ஒருவர் குறுக்கே நகர்ந்தால் முதலில் ஒரு துண்டிலும் பின்னர் மற்றதிலும் வெப்பம் படும். அப்போது சமிக்ஞை பிறக்கும். முன்னாலுள்ள வெண்ணிறப் பிளாத்திக்கு மூடி உண்மையில் சிறுசிறு பிரெனல் வில்லைகளின் தொகுதியாகும். அது அறையை விசிறி மடிப்புப் போலப் பல கூறுகளாக வகுக்கின்றது. ஒரு மடிப்பிலிருந்து அடுத்த மடிப்புக்கு வெப்பம் நகர்வதையே கருவி "ஆள்" என்று கொள்கின்றது.

இவ்வுண்மையிலிருந்து நான்கு விடயங்கள் பெறப்படும். முதலாவது, உணரியை நோக்கி நேரே வருபவரிலும் பார்க்கக் குறுக்கே நடப்பவரை அது விரைவில் அறியும். இரண்டாவது, தூரம் கூடக்கூட மடிப்புகள் அகலும். ஆதலின் தாள் புரட்டும் கை ஒரே மடிப்பினுள்ளேயே அடங்கிவிடும். நடப்பவருக்கென்று விளம்பரத் தாளில் குறித்திருக்கும் எல்லை, இருந்து படிப்பவருக்கு அதிற் பாதியோ அதனினும் குறைவோ ஆகும். உயர்ந்த கூரையுடைய பழைய கட்டடங்களில் இது முக்கியமாகக் கவனிக்கத்தக்கது. மூன்றாவது, இக்கதிர் சாதாரணக் கண்ணாடியூடாகவும் செல்லாது. அலுமாரியூடாகச் செல்லாது என்று சொல்லவும் வேண்டுமோ! நான்காவது, வெயிற்காலப் பிற்பகலில் அறையின் வெப்பமும் தோலின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாகும்போது கருவியின் கூர்மை மழுங்கும். எம்மைப் போன்ற வெப்ப நாட்டினர் இதனை மறத்தலாகாது.

செவிக்கு எட்டாத கழியொலியை எழுப்பி, அது திரும்பிவரும்போது ஏற்படும் மாற்றத்தால் அசைவை அறியும் உணரிகளும் உள. அவை தடுப்புகளைச் சுற்றியும் சிறிய அசைவை அறியும். ஆயின் மின்விசிறியின் காற்றையும் ஆளென்று மயங்கக்கூடும்.

சீர்செய்த முறை

அடுத்த வாரமே வேலையில் இறங்கினோம். காலத் திருகை மிகக் குறைந்த அளவில் வைத்து, மாணவர் இருவரை ஒவ்வோர் ஆசனமாக இருத்தி, நடந்தும், எழுதியும், தாளைப் புரட்டியும் பார்க்கச் செய்தோம். உணரி கண்ட இடத்தையும் காணாத இடத்தையும் மண்டபப் படத்தில் வேறுவேறு நிறத்தால் குறித்தோம். படம் முடிந்தபோது மூலை மேசை இருந்த இடம் முழுவதும் சிவப்பாக நின்றது.

அதன்படி உட்பக்க உணரியை அலுமாரி வரிசைக்கு அப்பால், மேசைகளுக்கு நேர் மேலே மாற்றினோம். மின்விசிறியின் இலைகள் அதன் பார்வையில் விழாதவாறு இரு விசிறிகளுக்கு இடையே வைத்தோம். மூலைக்கென்று மூன்றாவது உணரி ஒன்றைச் சேர்த்து, அவ்விரண்டில் எது அசைவைக் கண்டாலும் உட்பக்க விளக்குகள் எரியுமாறு இணைப்பித்தோம். வாயிலுக்கு வெளியே விறாந்தையில் நடப்போரைக் காணாதபடி வாயிற்பக்க வில்லையின் ஒரு பகுதியை மறைத்தோம். கூர்மைத் திருகை உயர்த்தினோம். இவ்வேலைகளின்போது பிரதான ஆளியை நிறுத்தியே வைத்தோம். மின்கம்பியைத் தொடும் வேலையைத் தகுதி பெற்றவரே செய்தார். வீட்டிலும் இவ்விதியை மீறலாகாது.

இறுதியாக, நேரத்தை 20 நிமிடமாக்கினோம். இதனால் நட்டம் யாது? 12 விளக்குகளும் 15 நிமிடம் மேலதிகமாக எரிந்தால் 0.054 அலகு, ஓர் அலகின் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. இச்சிறு தொகையை மீதப்படுத்தவே படிப்பவனின் மனத்தைக் கலைத்திருந்தோம் என்பது அக்கணக்கைப் பார்த்தபோதுதான் விளங்கிற்று.

இன்னொரு மாற்றமும் செய்தோம். விளக்கை ஏற்றுவதைக் கைக்கு விட்டு, அணைப்பதை மாத்திரம் உணரிக்குக் கொடுத்தோம். பகலில் ஒரு நூலை எடுக்க வருபவருக்கு விளக்கு வேண்டியதில்லை. வேண்டுபவர் ஆளியை அழுத்திக்கொள்வார். மறதி அணைப்பதிலேயே நேர்வதால், உதவியும் அங்கேதான் தேவை.

பகலொளியோடு பங்கு

யன்னலை அடுத்த விளக்கு வரிசையைத் தனி இணைப்பாக்கி, அதற்கு ஒளி உணரி ஒன்றைப் பொருத்தினோம். படிக்கும் மேசைக்கு 300 முதல் 500 லக்ஸ் ஒளி போதுமானது. நண்பகல் வெயிலோ வெளியில் 1,00,000 லக்ஸ் வரை செல்லும். அதிற் சிறு பங்கு உள்ளே வந்தாலும் யன்னலருகே விளக்கு வேண்டியதில்லை.

இங்கும் ஒரு பொறி உண்டு. 300 லக்ஸுக்குக் கீழே ஏற்றவும், அதற்கு மேலே அணைக்கவும் என்று வைத்தால் என்ன நிகழும்? விளக்கு எரிந்ததும் அதன் ஒளியையே உணரி கண்டு, போதும் என்று அணைக்கும். அணைந்ததும் இருள் கண்டு மீண்டும் ஏற்றும். விளக்கு தரும் ஒளி 300 லக்ஸ் என்றால், அணைக்கும் எல்லையை 600 லக்ஸுக்கு மேலே, 700 அளவில் வைத்தல் வேண்டும். மாரிகால முகில் சூரியனை மறைத்து விலகும்போதெல்லாம் விளக்கு கண்சிமிட்டாதிருக்கச் சில நிமிடத் தாமதமும் வேண்டும். உணரி யன்னலைப் பார்க்கலாகாது. மேசையையே பார்த்தல் வேண்டும். மேசையில் வெள்ளைத் தாள் விரிந்திருந்தால் ஒளி கூடுதலாகவும், வெறும் பலகையாயின் குறைவாகவும் தெறிக்கும். ஆதலின் மேசைகள் வழக்கமாகப் பயன்படும் நிலையிலேயே அளவு குறித்தல் நன்று. முதலில் இரவில் விளக்கொளியை மட்டும் அளந்து, பின்னர் பகலிலும் அளந்து எல்லையைத் தீர்மானித்தோம்.

இத்தனை பாடு வேண்டுமா என்று கேட்பவருக்கு ஓர் உதாரணம் கூறுவோம். 2007 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையின் 52 மாடிக் கட்டடம், பகலொளிக்கேற்ப விளக்குகள் மங்கும் ஏற்பாட்டுக்குப் பெயர்பெற்றது. அக்கட்டடம் எழுமுன்னரே, அதன் ஒரு பகுதியை உண்மை அளவில் வேறோர் இடத்திற் கட்டி, லோறன்ஸ் பேர்க்கிளி தேசிய ஆய்வுகூடத்தினர் பல மாதம் ஒளியை அளந்து பார்த்தனர். பெருஞ்செல்வமுடைய நிறுவனமே முதலில் அளந்து பார்த்ததென்றால், எமக்கு அது தாழ்வாகுமோ?

வீட்டுக்கு வேண்டுமா?

எல்லா அறைக்கும் வேண்டியதில்லை. 9 உவாற்று மின்குமிழ் ஒன்று நாளுக்கு 2 மணித்தியாலம் வீணே எரிந்தால் மாதத்திற்கு 0.54 அலகு. உணரியும் இரவு பகலாக மின்சாரம் உண்ணும். அது 1 உவாற்று உண்பதாயின் மாதத்திற்கு 0.72 அலகு. காவலுக்கு வைத்தவன் களவு போவதிலும் கூடுதலாகச் சாப்பிட்ட கதையாகிவிடும்! படிக்கட்டு, முதியோர் இரவில் நடக்கும் வழி, கை நிறையப் பொருளோடு நுழையும் களஞ்சிய அறை ஆகியவற்றுக்கு உணரி உகந்தது. அங்கே இலாபத்திலும் பார்க்க விழாமல் நடப்பதே பெரிது. குளியலறையில் வைப்போர் நேரத்தைத் தாராளமாக வைப்பாராக. படிக்கும் பிள்ளையின் மேசைக்கு மேலே மட்டும் வேண்டாம். அங்கே ஓர் ஆளியும், அணைக்கும் பழக்கமும் போதும்.

சீர்செய்து முடித்த சில நாள்களின் பின் மாலையில் மீண்டும் நூலகத்துக்குச் சென்றோம். எவரும் கையை உயர்த்தவில்லை. மூலை மேசையில் அவன் இருந்தான். நாம் வந்ததை அவன் அறியவில்லை; விளக்கு எரிந்துகொண்டிருந்ததையும் அவன் அறிந்திருக்கமாட்டான். ஓசைப்படாமல் திரும்பிவந்துவிட்டோம்.