கருவாடு காறுவதும் சீனி வருத்தமும்

சம்பள நாளில் டவுனுக்குப் போனால் கருவாடு வாங்காமல் யார் திரும்புகிறோம்? மலைநாட்டுக் கடைகளுக்குப் புத்தளம் மாவட்டத்துக் கரையிலிருந்து, கற்பிட்டிப் பக்கமிருந்தும் கருவாடு வருகிறது. எவ்வளவு உப்புப் போட்டிருந்தாலும், கொழுப்பு மீன் கருவாட்டை ரொம்ப நாள் திறந்து வைத்தால் மஞ்சள் பூத்துக் காறல் வாடை அடிக்கும். மீனிலுள்ள கொழுப்பைக் காற்றிலுள்ள ஒட்சிசன் கெடுப்பதால் வருவது அது.

இதே மாதிரி ஒரு வேலை நம்ம உடம்புக்குள்ளும் கொஞ்சம் கொஞ்சம் நடக்கிறது. அதை அடக்கி வைக்க குளுட்டாதயோன் போன்ற காவல் பொருட்களை உடம்பே செய்துகொள்ளும். சீனி வருத்தக்காரருக்கு இரத்தத்தில் சீனி மிஞ்சி நிற்பதால் கெடுதல் கூடுகிறது, காவல் குறைகிறது. டாக்டர்மார் இதை ஒட்சியேற்ற அழுத்தம் என்பார்கள். இரத்தக் குழாயின் உட்பக்கம் மெல்ல மெல்லப் பழுதாகும். கண்ணும் சிறுநீரகமும் கால் நரம்பும் கெடுவதில் இதற்கும் பங்குண்டு.

இதில் ஒரு வேடிக்கை. மீன் காறிவிட்டதா என்று ஆய்வுகூடத்தில் ஓர் இரசாயனம் சேர்த்துச் சூடாக்கிப் பார்ப்பார்கள். கொழுப்புக் கெட்ட அளவுக்கு இளஞ்சிவப்பு நிறம் ஏறும். மனித இரத்தத்துக்கும் அதே சோதனைதான்! பிடிபடும் பொருளின் பெயர் மலோன்டையல்டிகைட். 2005இல் வெளிவந்த சென்னை ஆராய்ச்சி ஒன்றில், மற்றவர்களைவிட இரண்டாம் வகைச் சீனி வருத்தக்காரரின் இரத்தத்தில் இந்த அளவு கூடியிருந்தது.

அப்போ நாங்களும் இந்தச் சோதனை செய்யணுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். அது ஆராய்ச்சிக்காரருக்கு உதவும். இவ்வளவு இருந்தால் இந்த மருந்து என்று டாக்டர் முடிவெடுக்க அதில் அளவு வகுக்கப்படவில்லை. கிளினிக்கில் நீங்கள் கேட்க வேண்டியது எச்பிஏ1சி சோதனை. கடந்த இரண்டு மூன்று மாதம் சீனி எப்படி இருந்தது என்று அது காட்டிக்கொடுக்கும். முதல் நாள் மட்டும் பத்தியம் இருந்து அதை ஏமாற்ற முடியாது. பலருக்கு 7 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. உங்களுக்கு எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும்.

“ஒட்சியேற்றத்தை நிறுத்தும்” என்று மாத்திரை விற்பவர்களிடம் கவனமாக இருங்கள். ஹோப் என்ற பெரிய ஆய்வில், இதய வருத்தமோ சீனி வருத்தமோ உள்ள ஒன்பதாயிரம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு நாலரை வருடம் விற்றமின் ஈ கொடுத்தும் மாரடைப்புக் குறையவில்லை என்று 2000இல் எழுதினார்கள். அந்த மாத்திரையை நம்பி கிளினிக் மருந்தை விடுவதுதான் பெரிய ஆபத்து.

நாம் பறிக்கும் கொழுந்திலும் ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் சத்து உண்டுதான். அதற்காக மூன்று கரண்டி சீனி போட்டுத் தேத்தண்ணி குடித்தால் என்ன பலன்? பீடி, சுருட்டும் இந்தக் கெடுதலைக் கூட்டும்.

2018–2019இல் நாடு முழுக்க எடுத்த ஆய்வில் வளர்ந்தவர்களில் சுமார் 23 சதவீதம் பேருக்குச் சீனி வருத்தம் இருந்தது. 35 வயது தாண்டிய எல்லோரும் ஒருமுறை இரத்தம் பாருங்கள். வருத்தம் இருப்பவர்கள் இரவில் படுக்குமுன் இரண்டு பாதத்தையும் விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அட்டை கடித்த சின்னக் காயம்தானே என்று விடாமல், ஆறாவிட்டால் உடனே டிஸ்பென்சரியில் காட்டுங்கள்.